ஊசி முழுதாகச் சேரும்வரை

என் நாத்தனாருக்கும் எனக்கும் நேரடிப் பேச்சு நின்று பல வருடங்கள் ஆகின்றன. சொல்ல வேண்டியதை அவர் தன் தம்பியிடம் சொல்வார், தம்பி என்னிடம் சொல்வார். தம்பி என்றால் என் வீட்டுக்காரர். நடுவில் அவர் சேர்ப்பது எவ்வளவு, விழுங்குவது எவ்வளவு என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதனால், "அக்காவோட கழுத்துத் தலையணைக்கு ஒரு உறை வேணுமாம். நீயே தைக்கணும்னு சொன்னா" என்று அவர் வந்து நின்றபோது நான் நம்பவில்லை.

"உங்க அக்காவா சொன்னாங்க?"

"அவளேதான். வேற யார் சொல்லுவா?"

நானும் நாத்தனாரும் ஒரே ஆயத்த ஆடைக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். நான் இன்றும் அங்கேதான் மெஷினில் உட்காருகிறேன். அவர் லைன் கடைசியில் நின்ற செக்கர். சட்டையை விரித்துப் பிடித்து, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, விரலால் மட்டும் தையலைத் தடவிப் பார்ப்பார். எங்கே ஒரு தையல் விட்டிருக்கிறதோ அங்கே விரல் நின்றுவிடும். தளம் முழுக்க அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். அது அவருக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாகப் போன புதிதில், நான் தைத்த காலர்க் கட்டு ஒன்றை அப்படியே திருப்பி அனுப்பினார். திருப்பியதில் எனக்கு வருத்தமில்லை, அது அவர் வேலை. மெஷினில் நூல் இழுவை சரியில்லை, தையல் கோணலாகத்தான் போயிருந்தது. ஆனால் சூப்பர்வைசர் முன்னால், லைன் மொத்தமும் கேட்க, "வேணும்னே இப்படித் தச்சிருக்கா. செக் பண்றது நான்னு தெரிஞ்சே தச்சிருக்கா" என்றார். அந்த 'வேணும்னே'தான் அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். சமீபத்தில் கழுத்தில் கட்டி எடுத்தார்கள். தையல் பிரித்தாயிற்று, தழும்பு மட்டும் இன்னும் சிவந்தே இருந்தது. மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது, கடல் தாண்டிப் போக வேண்டும், இரவு முழுக்க விமானத்தில் உட்கார வேண்டும். கழுத்து ஆடாமல் இருக்கட்டும் என்று டாக்டர் அந்தக் குதிரை லாட வடிவத் தலையணையை வாங்கச் சொல்லியிருந்தார். வாங்கியதோ சொரசொரவென்று ரோமத் துணி. வைத்த கொஞ்ச நேரத்தில் தழும்பு தடித்து அரிக்கிறதாம். துவைக்கலாம் என்றால் கழற்ற வழியில்லாமல் மொத்தமாக மூட்டித் தைத்திருந்தார்கள். அதற்குத்தான் கழற்றி மாட்டும்படி ஓர் உறை.

இரக்கப்பட்டுத் தைத்தேன் என்று சொன்னால் என்னைப் பெற்றவளே சிரிப்பாள். எக்ஸ்ரே தடவிப் பார்த்து ஒரு சொல் சொல்ல முடியாதபடி தைத்துக் கொடுக்க வேண்டும் என்ற வீம்புதான். பல தடவை துவைத்து மெத்தென்று ஆகியிருந்த பருத்திக் கட்டில் விரிப்பு ஒன்றை எடுத்தேன். தலையணையைச் செய்தித்தாள்மேல் கவிழ்த்து ஓரம் பிடித்து வரைந்தேன். தலையணையின் பருமனுக்கும் தையலுக்கும் சேர்த்துத் தாராளமாக விட்டு, துணியில் இரண்டு லாடங்கள் வெட்டினேன். வெளி வளைவில் ஜிப். உள் வளைவு கழுத்தில் படுகிற இடம். அங்கே தையல் முண்டாக நிற்கக் கூடாதென்று ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுத்துப் படிய வைத்து, அதற்குமேல் மெல்லிய பட்டி ஒன்றையும் வைத்து மூடினேன். பட்டி வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது வீம்பில் சேராது என்று தைக்கும்போதே எனக்குத் தெரிந்தது, ஆனாலும் வைத்தேன்.

முந்தின நாளே முடித்திருக்க வேண்டியது, கம்பெனியில் கூடுதல் நேரம் நிறுத்திவைத்துவிட்டார்கள். புறப்படும் நாள் மதியத்தில்தான் ஜிப்புக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் டாக்சி பிடித்துக்கொண்டு அக்காவை அழைத்துவரப் போயிருந்தார். வந்தாலும் அக்கா எங்கள் வாசல்படி ஏறமாட்டார், டாக்சியிலேயே உட்கார்ந்திருப்பார் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான்.

ஜிப்பின் கோடியில், இழுவை கழன்று வராமல் தடுக்க ஒரு சின்ன உலோகக் கட்டை இருக்கும். அதன்மேல் ஊசி இறங்கக் கூடாது, தாண்டித்தான் தைக்க வேண்டும். இது நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் தெரியும். முன்னும் பின்னுமாகக் கடைசி இரண்டு குத்து போட்டு முடிக்கிற சமயத்தில் தெருவில் ஹாரன் அடித்தது. தலையைத் திருப்பினேன், கால் மிதியைவிட்டு எழவில்லை. டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். துண்டுகளைத் தேடியெடுத்து, ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டி, எல்லாம் சேர்ந்து முழு ஊசியாக ஆகிறது என்று காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துணுக்குக் குறைந்தாலும் அந்தத் துணி தளத்தைவிட்டு வெளியே போகாது. கிழித்து எறிந்துவிடுவார்கள். யாரோ எங்கோ ஒரு பச்சைக் குழந்தைக்கு அதை மாட்டிவிடுவார்களே என்பதுதான் காரணம். இத்தனை வருடங்களில் இந்த ஒரு விதியைப் பற்றி மட்டும் நாங்கள் யாரும் முணுமுணுத்ததில்லை.

மெஷினில் மாட்டியிருந்த மேல் பாதியைக் கழற்றித் தாளில் ஒட்டினேன். கீழ்ப் பாதியைக் காணோம். மேசையைத் துழாவினேன், மெஷின் பல்லுக்குள் ஊதிப் பார்த்தேன், குப்புறப் படுத்துத் தரையெல்லாம் பார்த்தேன். ஜிப் ஓரத்தை விரலால் தடவினால் ஒன்றும் படவில்லை. என் விரல் எக்ஸ்ரே விரல் இல்லையே.

வெளியிலிருந்து அவர் கத்தினார். "ஆச்சா இல்லையா? டாக்சிக்காரர் முணுமுணுக்கிறார்."

"இருங்க, இதோ வந்துடறேன்" என்று நானும் கத்திவிட்டு, உறையை மேசைமேல் வைத்துவிட்டுப் பின்பக்கப் படியில் மாடிக்கு ஓடினேன். மாடிவீட்டில் ஒரு பிளம்பர் இருக்கிறார். அவரிடம் காந்தம் இருக்கும். இருந்தது, ஆனால் பெட்டியின் அடியில் இருந்தது. அதற்கு மேலே குழாய்கள், மரை போட்ட வளையங்கள், ரப்பர்கள், உலகத்திலுள்ள அத்தனை சாமான்களும் இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து, இது எதற்கு என்று ஒரு பார்வை பார்த்து, கீழே வைத்தார். எனக்கு நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை.

காந்தத்தோடு இறங்கி வந்தால் மேசைமேல் உறை இல்லை. பக்கத்தில் கிடந்த தலையணையும் இல்லை. தெருவில் டாக்சி இல்லை. ஊசியின் மேல் பாதி ஒட்டிய தாள் மட்டும் மெஷினில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு உதவி செய்கிறேன் என்று என் வீட்டுக்காரரே உள்ளே வந்து, உறையைத் தலையணையில் மாட்டி, கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போடாத மனிதருக்கு அன்றைக்குப் பார்த்துத்தானா சுறுசுறுப்பு வர வேண்டும்?

அவர் போனுக்கு அடித்தேன். அது டிவிக்கு மேலே இருந்து பாடியது. நாத்தனார் தன் பழைய போன் எண்ணைக் காலையிலேயே நிறுத்திவிட்டார், மகள் ஊரில் புது எண் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த பயம் எது என்று கேட்டால், 'வேணும்னே' என்று சொல்லப்போகிறாரே என்பதுதான். தழும்பின் நினைவு அதற்கப்புறம்தான் வந்தது. விளக்கை அணைத்த விமானத்தில், அசந்து தூங்குகிறவரின் கழுத்தில், புதிதாக மூடிய சதையில் ஊசி முனை. என் கையாலேயே தைத்துக் கொடுத்த ஊசி முனை.

பிளம்பர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, காந்தம் வேலை செய்யலையா?"

"அண்ணே, உங்க ஸ்கூட்டர்ல என்னை ஏர்போர்ட்ல விட முடியுமா?"

அவர் ஏன் என்று கேட்கவில்லை, ஸ்கூட்டர் கிளம்பிய பிறகுதான் கேட்டார். காலடியில் குழாய்த் துண்டுகள் கடகடவென்று ஆட, நான் சொல்லி முடித்தேன். "ஒரு ஊசிக்கா இவ்வளவு ஓட்டம்? குத்தினா அவங்களே கழட்டிடப் போறாங்க" என்றார்.

"குத்தினதுக்கு அப்புறம் கழட்டி என்ன பிரயோசனம்? கொஞ்சம் வேகமாப் போங்க."

"வேகமாப் போனா நாமளும் ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம்."

மேம்பாலத்துக்குக் கீழே வண்டிகள் நகராமல் நின்றன. முன்னால் ஒரு லாரி, பின்னால் பேருந்து, நடுவில் நாங்கள். எத்தனை டாக்சி தெரிந்ததோ அத்தனைக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். தெரிந்த ஒரு முகத்தையும் காணோம், ஒரு தலையணையையும் காணோம். பயணிகள் மட்டும்தான் உள்ளே போகலாம், நாத்தனார் உள்ளே போய்விட்டால் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கையை ஆட்டினால், வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்து அவரும் கையை ஆட்டிவிட்டுப் போவார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதில் பிரயோசனமில்லை என்று கோபமும் சேர்ந்து வந்தது. பிளம்பர் ஸ்கூட்டரை நடைபாதைமேல் ஏற்றினார். எதிரே வந்தவர்கள் திட்டியதையெல்லாம் அவரே வாங்கிக்கொண்டார்.

புறப்பாட்டு வாசலில் என் வீட்டுக்காரர் குட்டி போட்ட பூனை மாதிரி இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ எங்க இங்க வந்தே?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நீயாவது சொல்லு. கவுண்டர மூடப்போறாங்க. உள்ள போன்னா போகமாட்டேங்குறா. காத்து வாங்கணுமாம்."

நாத்தனார் வெளியே ஒரு இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டி. மடியில் தலையணை, என் உறையோடு. வலது கையை மூடி அதன்மேல் வைத்திருந்தார்.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேச வாயெடுத்தேன். மூச்சுத்தான் முதலில் வந்தது.

"அண்ணி, அதைக் கழட்டிடுங்க. ஊசி உடைஞ்சு துண்டு அதுல இருக்கு. நான் தேடிக்கிட்டு இருக்கும்போதே இவர் எடுத்துட்டு வந்துட்டார்."

என் வீட்டுக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "ஊசியா?" என்றார்.

நாத்தனார் தலையணையைக் கீழே போடவில்லை, உதறவும் இல்லை. என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார். பாதத்தில் பார்வை நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் என் வீட்டுக்காரருடையது.

அவர் மூடிய கையைத் திறந்தார். தழும்பில் ஒட்டுவதற்கென்று கையோடு வைத்திருந்த பிளாஸ்திரிகளில் ஒன்று. அதில், கம்பெனியில் ஒட்டுவது போலவே நேராக ஒட்டியிருந்தது ஊசியின் ஒரு துண்டு.

"டாக்சி நம்ம தெருவத் தாண்டுறதுக்குள்ளயே கைல பட்டுடுச்சு" என்றார்.

"அப்போ ஏன் உள்ள போகாம இருக்கீங்க?" என்றேன்.

"ஊசி உடையறது யாருக்கும் நடக்கும். உடைஞ்சது தெரிஞ்சே நீ குடுத்துவிட்டியா, இல்ல உனக்குத் தெரியாம இது வந்துடுச்சா, அதுதான் புரியல. உனக்குத் தெரியாம வந்திருந்தா நீ சும்மா வீட்ல இருக்கமாட்டேன்னு தோணுச்சு. அந்தத் தளத்துல இத்தனை வருஷம் உக்காந்தவ எப்படி இருப்பே? வர்றியா பாக்கலாம்னு இருந்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"சொன்னா நீ போய்க் கத்துவே. அவ உனக்காக ஓடி வருவா. எனக்கு அது வேணாம்."

நான் வராமலே இருந்திருந்தால் என்ன நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும். மேம்பாலத்துக்குக் கீழே அந்த லாரி இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் அந்தப் பதிலோடுதான் அவர் விமானம் ஏறியிருப்பார்.

"மேல் பாதி எங்க?" என்றார். செக்கரின் குரல் அது.

கிளம்பும்போது மெஷினிலிருந்து எடுத்து இடுப்பில் செருகியிருந்த தாளைக் கொடுத்தேன். தாளைப் பெஞ்சில் வைத்து, பிளாஸ்திரியை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டு துண்டுகளையும் சேர்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். ஊசியின் காது இருந்தது, அதற்குக் கீழே கொஞ்சம் இருந்தது. அதோடு முடிந்தது.

"முனை இல்ல" என்றார்.

நான் காந்தத்தை எடுத்தேன். ஜிப் ஓரம், உள் வளைவு, லாடத்தின் இரண்டு கொம்புகள் என்று ஒரு இடம் விடாமல் ஓட்டினேன். ஜிப்பின் இழுவை வந்து ஒட்டியது, வேறெதுவும் வரவில்லை. மறுபடி அவர் கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு விரலால் தடவினார். விரல் எங்கும் நிற்கவில்லை. வீட்டில் மெஷினுக்கு அடியிலேயே கிடக்கலாம், டாக்சியில் விழுந்திருக்கலாம். இங்கேயும் இருக்கலாம். உள்ளேயிருந்து கடைசி அழைப்பு மாதிரி ஏதோ அறிவித்தார்கள்.

"அக்கா, அந்தக் கருமத்தத் தூக்கிப் போட்டுட்டு உள்ள போ" என்றார் என் வீட்டுக்காரர்.

நாத்தனார் ஜிப்பைத் திறக்க ஆரம்பித்தார். விதி அதுதான். ஊசி சேராத துணி வெளியே போகாது. நானே செக்கராக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனாலும் அந்த ஜிப் திறக்கிற சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை.

"குடுங்க" என்று தலையணையைப் பிடுங்கி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"என்ன பண்றே?"

"நீங்க தடவிப் பாத்தீங்க. நான் வச்சுப் பாக்கறேன்."

தலையை இடதுபுறம் சாய்த்தேன், வலதுபுறம் சாய்த்தேன், பின்னால் தள்ளினேன், தூங்குகிறவள் மாதிரி முழுப் பாரத்தையும் போட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பிறகு முன்னாலிருக்கிற இரண்டு கொம்புகளையும் இரண்டு கையால் பிடித்துத் தாடைக்கு அடியில் சேர்த்து அழுத்தினேன். சுருக்கென்றது.

"இருக்கு" என்றேன். வாழ்க்கையில் குத்து வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. "அண்ணி, இருக்கு, இங்கதான் இருக்கு."

"அசையாதே" என்றார். என் தாடையைத் தன் விரலால் நிமிர்த்தினார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஜிப்பின் கோடியில், மடித்துத் தைத்த துணிக்கும் உலோகக் கட்டைக்கும் நடுவில் முனை செங்குத்தாக நின்றிருக்கிறது. தடவுகிறபோது உள்ளே போய்விடும், அழுத்தினால் மட்டும் வெளியே வரும். அவர் இரண்டு நகங்களால் கிள்ளி இழுத்தார். அரிசிக் குருணை அளவுகூட இல்லை. அதைப் பிளாஸ்திரியில் மற்றத் துண்டுகளோடு வைத்துச் சேர்த்தார். தண்டு, காது, முனை. முழு ஊசி.

நான் தலையணையைக் கழுத்திலிருந்து கழற்றினேன்.

அவர் தலையணையை வாங்கித் திருப்பினார். கொம்பின் நுனியில் பொட்டு அளவுக்கு என் ரத்தம்.

"கறை" என்றார். "கறை இருந்தாலும் ரிஜெக்ட்தான். எக்ஸ்ரே கண்ணுக்குத் தப்புமா?"

பெயர் தெரிந்தே இருந்திருக்கிறது. நான் கையை நீட்டினேன். "தெரியும் அண்ணி. குடுங்க, கழட்டிடறேன்."

அவர் கொடுக்கவில்லை. அவர் விரல் உள் வளைவில் போய் நின்றது. அங்கே குறையேதும் இல்லை, ஆனாலும் நின்றது. "இந்தப் பட்டி எதுக்கு? இது நான் கேக்கலியே."

"தையல் உங்க தழும்புல பட்டு உறுத்தக் கூடாதேன்னு" என்றேன். "வேணும்னேதான் வச்சேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியாது, அதற்குள் குனிந்து ஜிப்பை இழுத்து மூடினார். தலையணையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பட்டி சரியாகப் படிந்திருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்தார்.

"போய்ச் சேந்ததும் போன் பண்றேன்" என்றார்.

"சரிக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"உனக்கில்ல" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.